அப்பப்பாவின் வில்லுக்கத்தியும் முதுகில் ஒரு கொக்கியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித்தான்: “லாச்சியைத் துப்புரவாக்கும்போது இது அகப்பட்டது. என்ன இது? என்ன விலை போகும்?” படத்தைப் பார்த்து விலை சொல்ல நான் சாத்திரக்காரன் இல்லை. எது எதற்கு என்று சொல்லலாம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: பதில் வரும்வரை எதையும் மினுக்காதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கேள்வி: என் அப்பப்பா ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அவருடைய வில்லுக்கத்தியில் இரண்டு அலகு, ஒரு குட்டி வாள், தக்கை வாங்கும் திருகு, முதுகில் வளைந்த ஒரு கொக்கி. அலகின் அடியில் நட்சத்திரம், சிலுவை, ‘ஜி.ஆர்.’, ‘இங்கிலாந்து’ என்று ஆங்கில எழுத்து. கொக்கி சோடாப் போத்தல் திறக்க என்கிறார்கள் வீட்டில். சரியா?
(ஆசிரியை, வெள்ளவத்தை)

சோடாப் போத்தல் இல்லை, ஆசிரியை. அது குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை நெம்பி எடுக்கும் கொக்கி. லாடத்துக்கும் உள்ளங்குளம்புக்கும் நடுவே ஒரு சிறு கல் ஏறிவிட்டால் குதிரை நொண்டத் தொடங்கும். ஏறி வந்தவர் இறங்கி, காலைத் தூக்கிப் பிடித்து, அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். அதனால்தான் கொக்கியின் நுனி கூராக இல்லாமல் மொட்டையாக இருக்கிறது. குளம்பின் மெத்தென்ற பகுதியைக் குத்திவிடக் கூடாதே. வாள் சிறு கிளை அறுக்க. திருகு எதற்கென்று தோட்டத்துத் துரைமாரைக் கேட்டிருக்கவே தேவையில்லை.

இனி முத்திரை. நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் சேர்ந்து வந்தால் அது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ரொஜர்ஸ் அண்ட் சன்ஸ் என்ற கத்திக் கம்பனி. அரச குடும்பத்துக்குக் கத்தி கொடுத்தவர்கள் என்பதால் அரசரின் எழுத்துகளையும் பொறித்தார்கள். ‘ஜி.ஆர்.’ என்றால் ஜோர்ஜ் மன்னர். எந்த ஜோர்ஜ்? 1820களில் ஆண்ட நான்காம் ஜோர்ஜா, 1910க்குப் பின் வந்த ஐந்தாம், ஆறாம் ஜோர்ஜா? இந்த முடிச்சை அவிழ்ப்பது ‘இங்கிலாந்து’ என்ற சொல். வெளிநாட்டுப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சட்டம் போட்ட பிறகுதான் ஷெஃபீல்ட்காரர் அதைப் பழக்கமாகப் பொறித்தார்கள். ஆகவே உங்கள் கத்தி 1910க்குப் பிந்தியது. அப்பப்பாவின் உத்தியோக காலத்துக்கும் அதுதான் பொருந்தும். அப்போது மோட்டார் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. ஆனாலும் கொக்கியை விட்டுவிடக் கத்தி செய்கிறவர்களுக்கு மனம் வரவில்லை.

ஒன்றை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: ரொஜர்ஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் ‘ஜி’க்கு முன் ‘டி’ (D) இருக்கிறதா? அந்தப் பெயருக்கு இருந்த மவுசால் ‘டி’ இல்லாத ரொஜர்ஸ்களும் நிறையச் சந்தைக்கு வந்தன.

நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பெரிய அலகு ஏறக்குறையப் புதிது. சின்ன அலகோ பாதி அகலத்துக்குத் தேய்ந்து, நடுவில் மெல்லிய குழிவு விழுந்திருக்கிறது. கல் எடுத்த கத்தி இல்லை இது. நாள் முழுக்கப் பென்சில் சீவிய கத்தி. கிளாக்கர் ஐயா தன் கந்தோர் வாழ்க்கையை அந்த அலகில் எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: பழைய கத்தியொன்றில் கறள் பிடித்து அலகு திறக்கவே முடியவில்லை. தேசிக்காய்ப் புளியில் ஊற வைக்கலாமா?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

வேண்டவே வேண்டாம். தேசிக்காய் கறளைத் தின்னும், பிறகு இரும்பையும் தின்னும். வெளியே எடுக்கும்போது அலகு சுண்ணாம்பு பூசின மாதிரி வெளிறிப்போய் இருக்கும்.

முதலில் இரண்டு நிறத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். செம்மண் நிறத்தில் கையில் ஒட்டுவது கறள். அதை எடுக்க வேண்டும். சாம்பலும் நீலமும் கலந்து, தடவினால் வழுவழுப்பாக இருப்பது பழைய எஃகு தானாகப் போர்த்திக்கொண்ட தோல். அதைத் தொடக் கூடாது. சிவப்பு வராமல் ஓரளவு காப்பது அதுதான்.

முறை இது. பிடி உலோகமாக இருந்தால் கத்தியை மண்ணெண்ணெயில் ஒரு நாள் அமிழ்த்தி வைக்கலாம். எலும்பு, கொம்பு, மரப் பிடி என்றால் அமிழ்த்தாதீர்கள். பிடி எண்ணெய் குடித்துக் கறுத்துவிடும். மூட்டில் மட்டும், ஈர்க்கின் நுனியால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ஒரு மணி நேரம் பொறுத்து இன்னொரு சொட்டு. நகம் வைக்கும் பள்ளத்தில் குறடு போட்டு இழுக்காதீர்கள். அலகை இறுக்கிப் பிடிக்கும் பழைய முதுகு வில் படக்கென்று உடையும், அதைத் திரும்பப் போட இப்போது ஆள் தேடுவது கஷ்டம். இரண்டு மூன்று நாளில் அலகு அசையும். வெளியே கசியும் கறுப்பு எண்ணெயைத் துடைத்துத் துடைத்து மறுபடி விடுங்கள். சிவப்பு மிஞ்சினால் ஆக மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாவட்டத்தில் பிசினாகி மூட்டை இறுக்கும்.

இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் என் பிழை. இந்தப் பைத்தியம் பிடித்த புதிதில், கறுத்த கத்தியொன்றை மினுக்கும் சில்லில் பிடித்தேன். பத்தே நிமிடம்; கண்ணாடி மாதிரி வந்தது. கூடவே முத்திரையும் போய்விட்டது. யார் செய்தது, எந்த ஊர், எந்தக் காலம் என்று எதுவும் சொல்லாத பளபளத்த இரும்புத் துண்டு ஒன்று இன்னும் என் மேசையில் கடதாசி பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்று: நம் ஊரின் கடற்காற்றில் கத்திக்கு முதல் எதிரி அதைத் தோல் உறையில் வைப்பதுதான். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். உறையைத் தனியாக வையுங்கள், கத்தியைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாமல் கூட வையுங்கள்.

கேள்வி: புறக்கோட்டை நடைபாதையில் கறுப்புப் பிடிக் கத்தியொன்று வாங்கினேன். பெரிய அலகு, டின் வெட்டி, பின்னால் நீண்ட தடித்த ஊசி. குதிரைக் குளம்பில் கல் எடுக்கும் ஊசி என்றார் விற்றவர்.
(மருதானை வாசகர்)

குளம்புக் கதை இந்த ஊசிக்கும் ஒட்டிக்கொண்டது! உலகம் முழுக்க இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். இது கயிற்று வேலைக்கான ஊசி. இறுகிப்போன முடிச்சை இளக்கவும், கயிற்றின் புரிகளைப் பிரித்து இன்னொரு கயிற்றோடு பின்னவும் கப்பல்காரர் பாவிப்பது. கூடாரக் கயிற்றோடு மல்லுக்கட்டும் பட்டாளத்துக்கும் அது வேண்டியிருந்தது.

அலகில் அல்லது பிடியோரத்தில் மூன்று கோடு ஒரு புள்ளியில் கூடும் அம்புக்குறி இருக்கிறதா? இருந்தால் பிரித்தானிய அரசாங்கச் சொத்தாக இருந்த கத்தி. பக்கத்தில் ஆண்டும் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் திருகோணமலையில் கடற்படை, 1944இலிருந்து பேராதனையில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் என்று இலங்கை முழுக்கப் பட்டாளமாக இருந்த காலம் அது. இந்தக் கத்திகள் இன்றும் இங்கே கைமாறுவதில் வியப்பில்லை. டின் வெட்டி இன்னும் நன்றாகவே வெட்டும். மீன் டின்னில் நானே பார்த்தேன்.

கேள்வி: பித்தளைக் கூட்டுக்குள் மூன்று தகடு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிறு முக்கோணக் கூர். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. என்ன?
(பம்பலப்பிட்டி வாசகி)

இரத்தம் வடிக்கும் கருவி. நோய் வந்தால் கெட்ட இரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்று ஐரோப்பிய வைத்தியம் நம்பிய காலத்தில், குதிரையின் கழுத்து நாளத்தில் அந்த முக்கோணத்தை வைத்து, சிறு கட்டையால் மேலே ஒரு தட்டுத் தட்டுவார்கள். மிருகத்தின் அளவுக்கு ஏற்ப மூன்று அளவு. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வேறு பயன் இதற்கு இல்லை.

கேள்வி: வெள்ளைப் பிடியுள்ள சிறு கத்தி யானைத் தந்தமா என்று எப்படி அறிவது? லண்டனில் இருக்கும் மகனுக்கு அனுப்ப விருப்பம்.
(தெஹிவளை வாசகர்)

பிடியின் குறுக்குவெட்டு தெரியும் முனையைப் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள், வலை போல, மிக மெல்லியதாகத் தெரிந்தால் தந்தம். கறுப்புப் புள்ளியும் சிறு கீறலுமாக இருந்தால் மாட்டெலும்பு. இரண்டும் இல்லாமல் ஒரே சீரான கோடு நீளவாக்கில் ஓடினால் பெரும்பாலும் செலுலாயிட் என்ற பழைய பிளாஸ்டிக். அதை விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வரும். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கும் வேலை வேண்டாம். செலுலாயிட் குப்பென்று பற்றும். அது பழசாகும்போது விடும் அமில ஆவியால் பக்கத்தில் இருக்கும் கத்திகளுக்கும் கறள் பிடிக்கும். அலுமாரியில் அதைத் தனியாக வையுங்கள்.

சொரசொரப்பான பழுப்புப் பிடி என்றால் கொம்பு. ஷெஃபீல்ட் கத்திகளில் ‘மான் கொம்பு’ என்று சொல்வது பெரும்பாலும் நம்முடைய மரைக் கொம்புதான்.

தந்தமாக இருந்தால் அனுப்பாதீர்கள். அனுமதியில்லாமல் எல்லை கடந்தால் அங்கேயும் இங்கேயும் மாட்டுவீர்கள். பிடிபட்ட 359 தந்தங்களை 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் வைத்தே அரசாங்கம் நொறுக்கியது ஞாபகம் இருக்கும். பிரித்தானியாவிலும் 2022இலிருந்து தந்த வியாபாரத்துக்குக் கடும் தடை. மகன் விடுமுறைக்கு வரும்போது கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: எனக்குப் பத்தொன்பது வயது. சுவிஸ் ஆர்மி கத்தி சேர்க்கிறேன். பெட்டியில் 1884 என்று இருக்கிறது. அதுதான் உலகத்தின் முதல் பல்பயன் கத்தியா?
(வத்தளை வாசகர்)

தம்பி, 1884 கார்ல் எல்செனர் சுவிற்சர்லாந்தின் இபாக்கில் பட்டறை தொடங்கிய ஆண்டு. உன் கத்தியின் வயது அல்ல. சுவிஸ் பட்டாளத்துக் கத்தியின் மாதிரி 1890இல் முடிவானது: மரப்பிடி, ஓர் அலகு, துளை போடும் ஊசி, டின் வெட்டி, துப்பாக்கியைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர். வேடிக்கை என்னவென்றால் முதல் தொகுதியைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கம்பனி. எல்செனர் 1891இல்தான் கொடுக்கத் தொடங்கினார். தக்கைத் திருகு வைத்து, அதிகாரிகளுக்கென்று செய்த கத்தியை அவர் பதிவு செய்தது 1897 ஜூன் 12. எல்செனரின் அம்மா விக்டோரியாவின் பெயர் 1909இல் வந்தது, கறள் பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ 1921இல் ஒட்டியது, விக்டோரினொக்ஸ் ஆயிற்று. அலகின் அடியில் வெறும் ‘விக்டோரியா’ இருந்தால் எனக்கு உடனே எழுது!

முதல் கத்தியா என்றால், இல்லை. கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு ரோமானியர் செய்த ஒன்று இருக்கிறது. வெள்ளிச் சட்டத்தில் கரண்டி, முள்ளுக்கரண்டி, கூர்முள், கத்தி எல்லாம் மடியும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மவரிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு பிடி, ஒரு முனையில் ஓலையில் எழுதும் ஆணி, மறுமுனையில் ஓலையை நறுக்கி ஓரம் சீவும் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கி மடியில் செருகிக்கொண்டு போகலாம். ஆங்கிலேயன் எழுதும் இறகைச் சீவ வைத்திருந்த கத்தியைத்தான் நாம் ‘பேனாக்கத்தி’ என்கிறோம். ஆனால் பேனாவையும் கத்தியையும் ஒரே பிடியில் வைத்தது நம் ஆள். அதுபோல முள்வாங்கியும் குறும்பிவாங்கியும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்க விட்ட கிழவிகளும் இருந்தார்கள். காலில் முள், காதில் குறும்பி. இரண்டுக்கும் ஒரு வளையம் போதும்.

சுவிஸ் கத்தி சேர்க்கிற கையோடு உன் ஊர்ப் பெரியவர்கள் வீட்டில் மடக்கெழுத்தாணி கிடக்கிறதா என்று கேள். கிடைத்தால் வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை வேண்டாம். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று கருதத்தக்க பொருள் நம் சட்டப்படி தொல்பொருள்; தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போக முடியாது.

கேள்வி: இப்படிப் பழைய கத்தியைத் தினமும் பொக்கெட்டில் வைத்துப் பாவிக்கலாமா?
(வெள்ளவத்தை வாசகர்)

தாராளமாக. மாங்காய் வெட்டினால் அலகு கறுக்கும், பயப்படாதீர்கள்; துடைத்துவிட்டு மடியுங்கள். இவற்றில் பூட்டு கிடையாது, அலகை விறைப்பாக வைத்திருப்பது முதுகு வில் மட்டுந்தான். ஆகவே வெட்டலாம், குத்தக் கூடாது. குத்தினால் அலகு உங்கள் விரல் மேலேயே மடியும். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகிற அன்று மட்டும் பொக்கெட்டில் இருந்து எடுத்துப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பாதுகாப்பு வரிசையில் நின்றுகொண்டு அப்பப்பாவின் கதையைச் சொன்னாலும் திருப்பித் தர மாட்டார்கள்.