எஃப்-1 மாணவர் விசாவில் இருந்துகொண்டு ஃபெலோஷிப்: காரிமங்கலத்துத் தம்பிக்குப் பதில்

காரிமங்கலம் பக்கத்திலிருந்து அமெரிக்கா வந்து, ஜியாலஜியில் பிஎச்.டி. இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எம்.எஸ்ஸி. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் முடித்தேன். இப்போது டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டென்ட்) சம்பளத்தில் ஓடுகிறது. தர்மபுரி மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதுதான் ஆய்வு. அட்வைசர் (ஆய்வு நெறியாளர்) பிரிடாக்டரல் ஃபெலோஷிப்புக்கு, அதாவது பிஎச்.டி. முடிக்கும் முன் தரும் ஆய்வு உதவித்தொகைக்கு, விண்ணப்பிக்கச் சொல்கிறார். எதற்குப் போடுவது, எப்படி எழுதுவது? கிடைத்தால் விசாவுக்கும் வரிக்கும் சிக்கல் வருமா?"

தம்பி, எதற்குப் போடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலருக்கு இரண்டு மாத உழைப்பு வீணாவது அங்கேதான். லேபில் எல்லோரும் பேசும் இரண்டு பெரிய பெயர்கள் அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்.எஸ்.எஃப். தரும் ஜி.ஆர்.எஃப்.பி.யும் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். தரும் எஃப்31-ம். இரண்டுமே அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். மார்க் எவ்வளவு இருந்தாலும், பேப்பர் எத்தனை வந்திருந்தாலும் எஃப்-1 மாணவருக்கு அந்தக் கதவு திறக்காது. அமெரிக்க அட்வைசர்களில் பலருக்கு இது நினைவில் இருப்பதில்லை. அவர்கள் படித்தபோது வாங்கிய ஃபெலோஷிப்பையே உங்களுக்கும் சொல்வார்கள். அறிவிப்பைத் திறந்ததும் தொகையைப் பார்க்காமல், தகுதிப் பகுதியில் குடியுரிமை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

திறந்திருப்பவை வேறு. உங்கள் துறைக்கு முதலில் ஜியாலஜிகல் சொசைட்டி ஆஃப் அமெரிக்காவின் பட்டப்படிப்பு ஆய்வு நல்கை. உறுப்பினராக இருக்க வேண்டும், வட அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும், குடியுரிமை தடையில்லை. கடைசித் தேதி வழக்கமாக பிப்ரவரித் தொடக்கம். சிக்மா சை என்ற அறிவியலாளர் அமைப்பு பெரும்பாலான துறைகளுக்கு 1,000 டாலர் வரை தருகிறது. இந்தியாவில் களப்பணி என்பதால் அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸின் ஜூனியர் ஃபெலோஷிப்பையும் பாருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டுக்காக உழைக்கும் வெளிநாட்டு மாணவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். என்.எஸ்.எஃப்.பில் பிஎச்.டி. ஆய்வேட்டுக்கான டி.டி.ஆர்.ஐ. என்றொரு நல்கை வகை உண்டு. அதில் முதன்மை ஆய்வாளர் அட்வைசர், மாணவர் இணை ஆய்வாளர். அதனால் மாணவரின் குடியுரிமை குறுக்கே வராது. ஆனால் எல்லாத் துறைக்கும் அது கிடையாது. மனிதரும் சூழலும் சேர்ந்த புவியியல் ஆய்வாக உங்கள் கேள்வியை நேர்மையாக நிறுத்த முடிந்தால் மட்டும், அந்த வருடத்து அறிவிப்பைத் தேடுங்கள். உயிரியல் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பிரிடாக்டரல் ஃபெலோஷிப் எஃப்-1க்கும் உண்டு. ஆய்வு இதயம், ரத்தக்குழாய், மூளை சார்ந்து இருக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது.

கடைசியாக, பல்கலைக்கழகத்தின் சொந்த டிஸர்டேஷன் (ஆய்வேட்டு) ஃபெலோஷிப். போட்டி உங்கள் வளாகத்துக்குள் மட்டும்தான் என்பதால் இதை விடாதீர்கள். பெரும்பாலும் குவாலிஃபையிங் தேர்வு (பிஎச்.டி. நடுவில் வரும் தகுதித் தேர்வு) முடித்தவருக்குத்தான் தருவார்கள். ஆகவே என் கருத்து இது: இந்த வருடம் சிறிய நல்கைகளுக்குப் போட்டு ஒரு சுற்று மாதிரி எடுங்கள், அடுத்த வருடம் அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பெரியதற்குப் போடுங்கள். முன்தரவு இல்லாத ப்ரொபோசலைப் படிப்பவர் "நல்ல கேள்வி, ஆனால் செய்து முடிப்பாரா?" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

காலண்டரையும் கிணற்றையும் சேர்த்துப் பாருங்கள். நம் பக்கம் மழைக்கு முந்திய மாதிரி மே மாதம், வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஜனவரி. நவம்பரில் விண்ணப்பித்தால் முடிவு வசந்தத்தில் தெரியும். பணம் கையில் வர கோடை தாண்டிவிடும். அந்த மே மாதம் போயிற்று. "முதல் மாதம் மழைக்கு முந்திய மாதிரி" என்று கால அட்டவணையில் போட்டு, தொடங்கும் தேதியை செப்டம்பர் என்று எழுதியிருந்தால் படிப்பவர் உடனே கண்டுபிடிப்பார். ஜனவரிச் சுற்றை முதலில் வையுங்கள், மே மாதத்தை இரண்டாவதாக.

எழுதுவதில் முக்கால் பங்கு வேலை ஒரே பக்கத்தில் இருக்கிறது. இங்கே அதை ஸ்பெசிஃபிக் எய்ம்ஸ் (ஆய்வின் குறிப்பான நோக்கங்கள்) என்பார்கள். நம் ஊர் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) எழுதும் பழக்கம் இங்கேதான் காலை வாரும்: ஃபுளோரின் என்பது ஒரு தனிமம் என்று தொடங்கி, உலகம், இந்தியா, தமிழ்நாடு, தர்மபுரி என்று இறங்கி, நாலாவது பக்கத்தில் கேள்வி வரும். இங்கே மூன்றாவது வாக்கியத்தில் கேள்வி வந்துவிட வேண்டும். உதாரணத்துக்கு: "கருங்கல், சார்னோகைட், நைஸ் பாறைகளில் தோண்டிய கிணறுகளில், மழைக்குப் பின் சிலவற்றில் ஃபுளோரைடு குறைகிறது, சிலவற்றில் கூடுகிறது. மழைநீர் கலந்து நீர்த்துப்போவது மட்டும் காரணமென்றால் எல்லாவற்றிலும் குறைய வேண்டும். பைகார்பனேட் கூடி கால்சியம் குறைந்த தண்ணீரில் பாறைக் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருவதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணமா என்று சோதிக்கிறேன்." இவ்வளவுதான். "எங்கள் ஊர் மக்கள் பல்லில் கறையோடு அவதிப்படுகிறார்கள்" என்ற பத்தி உண்மைதான், ஆனால் அது ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். இரக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. கேள்வி கூர்மையாக இருந்தால் உண்டு.

எய்ம் இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. முதல் எய்ம் தோற்றால் இரண்டாவதும் சேர்ந்து விழும்படி கட்டாதீர்கள். "எய்ம் ஒன்றில் கண்ட காரணத்தை எய்ம் இரண்டில் மாடலாக்குவேன்" என்று எழுதினால், முதலாவதில் எதுவும் காணாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். ஒன்று களத்து நீர் வேதியியல், மற்றொன்று பாறைத்தூளைத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்யும் ஆய்வகச் சோதனை என்று பிரித்தால் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

ஒரு எண்ணை முதல் பத்தியிலேயே விளக்கிவிடுங்கள். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ.யின் கட்டாய வரம்பு லிட்டருக்கு 4.0 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. இந்தியத் தரக் கட்டுப்பாட்டில் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை. நீங்கள் "2.5 வரை போகிறது" என்று மொட்டையாக எழுதினால், அமெரிக்கர் "எங்கள் வரம்புக்குள்தானே இருக்கிறது" என்று நினைப்பார். வெயிலில் வேலை செய்பவர் குடிக்கும் தண்ணீரின் அளவே அதிகம் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் திறந்தாயிற்றே, காவிரித் தண்ணீர் வரும்போது கிணற்றை ஏன் ஆராய வேண்டும்? நீங்கள் மாதிரி எடுக்கும் ஊர்களில் போர்வெல் தண்ணீர் இன்று எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று விசாரித்து இரண்டு வரி எழுதுங்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத ப்ரொபோசல், ஊரைத் தெரியாதவர் எழுதியதுபோல இருக்கும். உங்களுக்கு அந்தப் பெயர் வரவே கூடாது.

ஃபெலோஷிப் என்பது ஆய்வுக்குத் தரும் பணம் மட்டுமில்லை, ஆளுக்குத் தரும் பயிற்சிப் பணம். இதை நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். எந்தக் கருவியை, எந்தப் பாடத்தை, யாரிடம், எந்த மாதம் கற்கப்போகிறீர்கள் என்று எழுத வேண்டும். "ஐசோடோப் அளவீடு தெரியாது, மூன்றாம் செமஸ்டரில் கமிட்டி உறுப்பினரின் ஆய்வகத்தில் கற்பேன்" என்பது குறையைக் காட்டுவதாகாது, கேட்ட கேள்விக்குப் பதில். அதேபோல "நாங்கள் செய்தோம்" என்று எழுதாமல் நீங்கள் செய்ததை "நான்" என்றே எழுதுங்கள். அடக்கம் நல்ல குணம்தான், இந்த ஒரு தாளில் மட்டும் அதற்கு இடமில்லை.

பட்ஜெட்டை எண்ணிப் போடுங்கள். 60 கிணறு, இரண்டு பருவம், 120 மாதிரி. பத்தில் ஒன்று இரட்டை மாதிரி என்றால் இன்னும் 12. ஆக 132 பாட்டில். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பாலிஎத்திலீன் பாட்டில்தான். அளக்க ஃபுளோரைடுக்கான அயனித் தேர்வு மின்முனை, கூடவே அளவீடு பிசகாமல் மாதிரியைச் சீராக்கும் டிசாப் கரைசல். வாடகைக் கார் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை கிணறு என்ற கணக்கும் பொருந்த வேண்டும். ஒரு நாளைக்கு 30 கிணறு என்று போட்டால் பென்னாகரம் பக்கத்து மலைப்பாதை தெரிந்தவர் சிரிப்பார். பாறையோ மண்ணோ இங்கே கொண்டுவருவதாக இருந்தால், வெளிநாட்டு மண்ணுக்கு அமெரிக்க விவசாயத் துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அது இல்லாமல் விமான நிலையத்தில் மாட்டினால் மாதிரி குப்பைக்குத்தான் போகும். முடிந்தவரை தண்ணீரை ஊரிலேயே அளந்துவிடுவது மேல்.

பரிந்துரைக் கடிதம். ஊர்ப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்பதில் தவறில்லை, ஆனால் "ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்" என்ற நாலு வரிக் கடிதம் இங்கே எதிர்மறையாகவே படிக்கப்படும். ஆறு வாரம் முன்பே கேளுங்கள். நீங்கள் அவரிடம் செய்த ப்ராஜெக்ட், தனியாகத் தீர்த்த ஒரு சிக்கல், வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். வாசகம் அவருடையதாக இருக்கட்டும். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியையே கொடுக்கச் சொல்லுங்கள், ஜிமெயில் சில இணையதளங்களில் சந்தேகத்தைக் கிளப்பும். கடிதம் ஏற்றும் இணைப்பு ஸ்பேமில் விழும், அதனால் வாட்ஸ்ஆப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் மாலை 5 மணி என்றால் ஊரில் மறுநாள் அதிகாலை 2.30. அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்குச் சொல்லும் தேதி உண்மையான தேதிக்கு மூன்று நாள் முந்தியதாக இருக்கட்டும்.

கடைசித் தேதி என்று அறிவிப்பில் இருப்பதும் உங்கள் கடைசித் தேதி அல்ல. பல்கலைக்கழகம் வழியாகப் போகும் விண்ணப்பங்களை வெளி நிதியைக் கவனிக்கும் ஸ்பான்சர்டு ப்ரோகிராம்ஸ் அலுவலகம்தான் சமர்ப்பிக்கும். ஐந்து வேலை நாள் முன்பே முழுக் கோப்பையும் கேட்பது சாதாரணம். சில இடங்களில் இன்னும் அதிகம். மூன்று மாதம் முன்பே அந்த அலுவலகத்தில் உங்கள் துறையைக் கவனிப்பவர் யார் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

இனி கிடைத்த பிறகு. டி.ஏ. வேலையிலிருந்து ஃபெலோஷிப்புக்கு மாறும்போது நீங்கள் ஊழியர் கணக்கிலிருந்து வெளியே வரலாம், அதோடு ஹெல்த் இன்ஷூரன்ஸும் நிற்கலாம். ஏற்பதற்கு முன்பே டியூஷனையும் (கல்விக் கட்டணம்) இன்ஷூரன்ஸையும் யார் கட்டுவார்கள் என்று கிராஜுவேட் ஸ்கூலில் எழுத்தில் வாங்குங்கள். பண ஆதாரம் மாறியதை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லி ஐ-20ஐ (பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்று) புதுப்பியுங்கள். ஊரில் ஐந்து மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் எஃப்-1 நிலைக்கே ஆபத்து வரும். முழுநேர மாணவராகப் பதிவு தொடர்கிறதா, அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடான செவிஸில் உங்கள் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று கிளம்பும் முன் உறுதிசெய்யுங்கள். விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தால் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரக நேர்காணலுக்கான நாட்களையும் களப்பணி அட்டவணையில் சேருங்கள்.

வரி. டியூஷனுக்குப் போகும் பகுதிக்கு வரியில்லை, கைக்கு வரும் உதவித்தொகைக்கு உண்டு. வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும்வரை 14 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 30,000 டாலர் என்றால் 4,200 பிடித்தம். ஆனால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர்கள் வருமானத்தில் ஒரு நிலையான தொகையை வரியில்லாமல் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம். பல நாட்டு மாணவர்களுக்கு இது இல்லை. 2024 கணக்குப்படி 14,600 கழித்தால் மீதி 15,400. அதற்கு மத்திய வரி ஏறத்தாழ 1,616 டாலர். பிடித்ததில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் திரும்ப வரும். மாநில வரி தனி. வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்.ஆர்.ஐ அவசரப்பட்டு பிப்ரவரியில் அனுப்பாதீர்கள். சம்பளத்துக்கான டபிள்யூ-2 சான்று ஜனவரி இறுதிக்குள் வந்துவிடும், ஃபெலோஷிப்புக்கான 1042-எஸ் மார்ச் நடுவில்தான் வரும்.

வரிக் கணக்கில் வெளிநாட்டவர் என்ற இந்த நிலை ஐந்து காலண்டர் வருடத்துக்குத்தான். ஆகஸ்டில் வந்திறங்கினாலும் அது ஒரு முழு வருடமாகவே எண்ணப்படும். ஆறாவது வருடம் நீங்கள் வரிக் கணக்கில் உள்நாட்டவர் ஆனதும் ஃபெலோஷிப்பில் பிடித்தம் நின்றுவிடும். தொகை கூடியதாகத் தோன்றும், ஆனால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் நீங்களாகவே காலாண்டு வரி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம்.

முதல் முறை கிடைக்காவிட்டால் மதிப்பீட்டாளர் குறிப்பு தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். "கேள்வி புரியவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால் அவரைத் திட்டாமல் முதல் பத்தியைத் திருத்துங்கள். "செய்து முடிக்க முடியாது" என்றால் கிணற்றின் எண்ணிக்கையைக் குறைத்து அளவீட்டைக் கூட்டுங்கள். குறிப்பு தராத இடங்களில், எய்ம்ஸ் பக்கத்தை ஜியாலஜி தெரியாத ஒரு பிஎச்.டி. மாணவரிடம் கொடுத்து, படித்தபின் தாளைத் திருப்பி வைத்துவிட்டு என்ன கேள்வி என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம் எதுவோ, அடுத்த வரைவை அங்கிருந்து தொடங்குங்கள்.