என்கோடர் இல்லாத ரிலக்டன்ஸ் மோட்டார்: கேள்வி பதில்

கேள்வி: ரோட்டரில் காந்தமும் இல்லை, தண்டில் கோணம் அளக்கும் சென்சாரும் (என்கோடர்) இல்லை. ரோட்டர் நிற்கும் கோணம், மோட்டாரை இயக்கும் மின்னணுக் கருவியான டிரைவுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: ரோட்டர் தகடுகளில் வெட்டப்பட்டுள்ள காற்று இடைவெளிகளால், ஒரு திசையில் (டி அச்சு) காந்தப்பாயம் எளிதாகவும் இன்னொரு திசையில் (க்யூ அச்சு) சிரமப்பட்டும் செல்கிறது, அதனால் இன்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவு) பல மடங்கு வேறுபடுகிறது. நல்ல வேகத்தில், மின்னழுத்தத்திலிருந்து மின்தடை இழப்பைக் கழித்துத் தொகையிட்டாலே பாயமும் அதிலிருந்து கோணமும் கிடைத்துவிடும். வேகம் குறையும்போதுதான் சிக்கல். 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் 1 ஹெர்ட்ஸில் ஓடுகையில் ஒரு கட்டத்தின் உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 6.5 வோல்ட்தான். 540 வோல்ட் டி.சி.யில் 8 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் இன்வெர்ட்டர், 2 மைக்ரோவினாடி டெட் டைமில் (இரு சுவிட்சுகளும் அணைந்திருக்கும் இடைவேளை) மட்டுமே 8.6 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. ஆகவே அங்கே 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான சிறு மின்னழுத்தத்தைச் செலுத்தி (இதுவே இன்ஜெக்‌ஷன்), மின்னோட்டத்தின் அதிர்வு எந்தத் திசையில் மிகக் குறைகிறதோ அதையே டி அச்சாகக் கொள்கிறோம்.

கேள்வி: வடக்கு, தெற்கு தெரியாமல் பின்னோக்கி ஓடிவிடாதா?

பதில்: ஓடாது. இரு அச்சு மின்னோட்டங்களும் சேர்ந்து குறி மாறினால் அவற்றின் பெருக்கற்பலன் மாறாது, முறுக்குவிசையும் மாறாது.

கேள்வி: பம்புக்கும் இந்த இன்ஜெக்‌ஷன் வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். மையவிலக்குப் பம்பின் சுமை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், தொடக்கத்தில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தித் திறந்த வளையத்தில் (கோணத்தை அறியாமலே) கிளப்பிவிட்டுப் பிறகு மேலே சொன்ன பாயக் கணிப்புக்கு மாறினால் போதும்.

கேள்வி: தயாரிப்பாளர் தந்த இன்டக்டன்ஸைத்தான் இட்டேன். சுமை ஏறினால் டிரைவ் ட்ரிப் ஆகிறது.

பதில்: ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். இரும்பு தெவிட்டும்போது, அதாவது கூடுதல் பாயத்தை எளிதில் ஏற்காதபோது, டி அச்சு இன்டக்டன்ஸ் வெகுவாகச் சரியும். மின்னோட்டத்துக்கேற்ற பாய அட்டவணையை அளந்து இடுங்கள்.

கேள்வி: இன்ஜெக்‌ஷன் முறை இன்டக்டன்ஸ் மதிப்பையே கேட்பதில்லையே? தெவிட்டல் அதை எப்படிப் பாதிக்கும்? சோதனையில் என்கோடரோடு துல்லியமாக ஒத்துப்போனது.

பதில்: சுமையின்றிச் சோதித்திருப்பீர்கள். அப்போது க்யூ அச்சில் மின்னோட்டம் இல்லாததால் பிழையும் இல்லை. சுமை ஏறியதும் ஓர் அச்சின் மின்னோட்டம் மற்ற அச்சின் பாயத்தைக் கெடுக்கிறது. அதிகபட்ச இன்டக்டன்ஸ் காட்டும் திசை ரோட்டரின் உண்மையான டி அச்சை விட்டு விலகுகிறது. இந்த விலகல் 10 டிகிரியைத் தாண்டவும் கூடும். டிரைவோ அதை அறியாமல் தவறான கோணத்தையே பிடித்துக்கொண்டு ஓடும். அதே என்கோடரைப் பொருத்தி, முழுச் சுமையில் விலகலைக் குறித்துக்கொண்டு, க்யூ மின்னோட்டத்துக்கேற்பக் கழித்துவிடுங்கள். அதன்பிறகு என்கோடரைக் கழற்றுங்கள்.