அறுவடைக் காசும் ஆண்டுதோறும் வடிவம் மாறும் வெள்ளி நாணயமும்

கேள்வி (சுருக்கமாக): வட்டக்கச்சியில் ஆசிரியராக இருக்கிறேன், இரண்டு ஏக்கர் வயலும் உண்டு. ரொறன்ரோவில் வசிக்கும் என் மைத்துனர் வெள்ளி நாணயங்கள் சேர்ப்பவர். ஆண்டுதோறும் வடிவம் மாறும் நாணயங்களே பின்னாளில் விலை ஏறும் என்று சொல்லி, ஊருக்கு வருபவர்களிடம் எனக்கும் கொடுத்தனுப்புகிறார். பணத்தை இங்குள்ள மாமியாரிடம் கொடுத்துவிடுவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனைவியின் சங்கிலியையும் இரண்டு சோடிக் காப்பையும் வங்கியில் ஆண்டுக்கு 15 வீத வட்டிக்கு அடகு வைத்து, 250,000 ரூபாயில் 20 நாணயங்கள் வாங்கினேன். சென்ற காலபோக அறுவடைக் காசில் நகையை மீட்க இருந்தோம்; புதிய ஆண்டின் வடிவங்கள் வந்துவிட்டதால் அதில் 4 நாணயங்கள் வாங்கி, அடகை வட்டி கட்டிப் புதுப்பித்தேன். சீன ஆண்டு விலங்குத் தொடரை (ஆண்டுக்கொரு விலங்காக 12 ஆண்டு வரும் நாணயங்கள்) தவறவிடக் கூடாது என்று மைத்துனர் இப்போது சொல்கிறார். மீதமுள்ள 2 பவுணையும் வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம், ஆசிரியரே. வெள்ளி நல்லதா கெட்டதா என்பது இங்கு கேள்வியே இல்லை. நகையை மீட்க வைத்திருந்த அறுவடைக் காசு புது வடிவத்துக்குப் போய், அடகு வட்டியோடு மட்டும் புதுப்பிக்கப்பட்டதே உங்கள் வீட்டைக் கரைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் மைத்துனரின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சீனப் பண்டா நாணயத்தின் படம் ஆண்டுதோறும் மாறுவது வழக்கம். 2001 இன் வடிவத்தையே 2002 இலும் வெளியிட்டபோது சேகரிப்பாளர்கள் எதிர்த்தார்கள், மறு ஆண்டு மாற்றம் திரும்பி வந்தது. அவுஸ்திரேலியாவின் கூக்கபுராப் பறவை நாணயம் 1990 இல் இருந்தும் கோலா விலங்கு நாணயம் 2007 இல் இருந்தும் ஆண்டுக்கொரு படத்தோடு வருகின்றன. இவற்றின் பழைய ஆண்டுகள் சிலவற்றுக்கு உலோக விலைக்கு மேல் கொடுப்பவர்கள் உண்மையாகவே உண்டு. எதிர்த்தரப்புச் சேகரிப்பாளர்களோ, மாறாத முகமே நம்பிக்கை என்பார்கள்: 2008 இல் தொடங்கிய ஒஸ்ரியாவின் பில்ஹார்மொனிக் வெள்ளி நாணயத்தில் ஆண்டு எண் தவிர எதுவும் மாறவில்லை, கனடாவின் மேப்பிள் இலை 1988 இல் இருந்து அதே இலைதான், எந்த வியாபாரியும் பார்த்தவுடன் அடையாளம் காண்பார். அமெரிக்கக் கழுகு நாணயத்தின் பின்புறம் 1986 இல் இருந்து 35 ஆண்டுகள் மாறாதிருந்து 2021 இன் நடுவில் மாறியது. ஒரே ஆண்டுக்கு இரண்டு வகை கிடைத்ததைச் சேகரிப்பாளர்கள் கொண்டாடினார்கள். எடைக்காக வாங்குபவர்களுக்கு அது ஒரு செய்தியே அல்ல.

இரண்டு தரப்பாரும் சேகரிப்பாளர்கள் இருக்கும் ஊரில் இருந்து பேசுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். கிளிநொச்சியில் ஒரு நகைக்கடையில் ஒருவர் கோலா நாணயம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலாளி அதன் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து, வெறும் விரலால் எடுத்துத் தராசில் வைத்தார், 31.1 கிராம், அதாவது ஒரு அவுன்ஸ், என்று காட்டியது. கணிப்பானில் தட்டி விலை சொன்னார். கோலா இருந்த பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்மீது குறை சொல்ல முடியாது, அவரிடம் வாங்க வருபவர் யாரும் கோலா கேட்பதில்லை. (உங்களிடம் உள்ள பண்டாக்களைத் தனியே நிறுத்துப் பாருங்கள்: 2016 இல் இருந்து அவை 30 கிராம் மட்டுமே, ஒரு அவுன்ஸ் அல்ல.)

தொடரை முழுமையாக்கும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவின் பேர்த் நாணயச்சாலை வெளியிடும் ஆண்டு விலங்குத் தொடர் 1999 இல் தொடங்கி 2010 இல் 12 விலங்குகளையும் முடித்தது. ஆனால் அது முடியுமுன்பே 2008 இல் இரண்டாம் தொடர் தொடங்கிவிட்டது, 2020 இல் மூன்றாவதும் வந்துவிட்டது. உங்கள் அடகுச் சீட்டு 12 ஆண்டுகள் காத்திருக்குமா?

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி, அடகுக் காசில் வாங்கிய 20 இல் வடிவம் மாறாதவை 9, ஒன்று சுமார் 11,000 ரூபாய். மாறுபவை 11, ஒன்று சுமார் 14,000 ரூபாய். அதாவது படத்துக்கு மட்டும் ஏறத்தாழ 33,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். வட்டி ஆண்டுக்கு 37,500. இரண்டு ஆண்டுக்கு 75,000. ஆக, 20 நாணயங்களும் உங்களுக்கு 325,000 ரூபாய் பிடித்திருக்கின்றன. கடையில் ஒன்றுக்கு 10,500 சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், மொத்தம் 210,000. வெள்ளி ஏறும்வரை பொறுக்கலாம் என்று நினைத்தால், ஒவ்வொரு நாணயமும் ஆண்டுக்கு 1,875 ரூபாய் ஏறினால்தான் வட்டிக்கே சரியாகும்; நீங்கள் முன்னேற அதற்கும் மேலே ஏற வேண்டும்.

மாறாத வடிவம் கொண்ட 9 நாணயங்களையும் இந்த மாதமே எடைக்கு விற்றுவிடுங்கள். மேப்பிள் இலைகளில் பால் தெளித்தது போன்ற வெண்புள்ளிகள் விழுந்திருந்தால் கவலைப்படாதீர்கள், எடைக்கு விற்கையில் அது குறையாகாது. சுமார் 94,500 ரூபாய் வரும். காப்புகள் 90,000 க்குத் தனிச் சீட்டில் இருப்பதால் அவற்றை உடனே மீட்கலாம்.

மற்ற 11 ஐ மைத்துனரே நீங்கள் கொடுத்த விலைக்கு எடுத்துக்கொள்ளட்டும். அவற்றின் மதிப்பை அறிந்தவர்களும் வாங்குபவர்களும் இருப்பது அவருடைய ஊரில்தான்; விலை ஏறும் என்று அவர் நம்பினால் இது அவருக்கு நட்டமான பேரம் அல்ல. 154,000 ரூபாயை அவர் தந்தால், 160,000 க்கு இருக்கும் சங்கிலியை மீட்க 6,000 ரூபாயே குறையும், அதற்குக் காப்பு மீட்டதில் மிஞ்சிய 4,500 இருக்கிறது. அவர் மறுத்தால் மனம் நோகாமல் கடையில் 115,500 க்குக் கொடுத்துவிட்டு, மீதிச் சுமார் 40,000 ஐ வருகிற அறுவடையில் இருந்து எடுத்து வையுங்கள். மாமியார் கையில் காசு கொடுக்கும் வழக்கத்தையும் இத்தோடு நிறுத்துங்கள். அவரிடம் மறுத்துப் பேசுவது உங்களுக்குச் சங்கடம் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆகவே மைத்துனரோடு நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள், மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். அடகு வைத்தது அவருடைய நகை. இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் நம் வீடுகளில் அரிசிக்கும் மருந்துக்கும் கைகொடுத்தது அந்தப் பவுண்தான் என்பதை அவர் உங்களைவிட நன்றாக அறிந்திருப்பார்.

அறுவடைக் காசில் வாங்கிய 4 நாணயங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். அவை கடன் இல்லாதவை. சங்கிலி வீட்டுக்கு வந்தபின், சம்பளத்தில் மிஞ்சினால் ஆண்டுக்கு ஒன்று வாங்கி உங்களுக்குப் பிடித்த பறவையைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. சங்கிலிச் சீட்டின் புதுப்பிப்புத் திகதி மார்ச்சில் வருகிறது. நெல் விற்கும் நாளும் அதையொட்டியே வருவதால், காசு கைக்கு வந்த அன்றே வங்கிக்குப் போய்விடுங்கள்.