வண்டி அடுப்பு: வாசகர் கேள்வி – பதில்

லாரி, டேங்கர், போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிக் கேட்ட சமையல் கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: நானும் க்ளீனரும் ரெண்டே பேருங்க. குஜராத், ராஜஸ்தான் லைன். பம்ப் ஸ்டவ்வுல மூணு லிட்டர் குக்கர் வெச்சு அரிசிம்பருப்பு சாதம் ஆக்கினா வீட்டுல ஆக்கற மாதிரி வரமாட்டேங்குது. பருப்பு வெதை வெதையா நிக்குது, அடி புடிச்சுக்குது. எத்தனை விசில் வெக்கோணும்?
– லாரி ஓட்டுநர், சங்ககிரி

பதில்: விசிலைக் கூட்டிப் பயனில்லை. கோளாறு தண்ணீரில் இருக்கிறது. கட்ச், மேற்கு ராஜஸ்தான் பக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். அவை பருப்பில் உள்ள பெக்டினை இறுக்கிவிடுவதால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் குழையாது. போதாக்குறைக்குத் தக்காளியும் போட்டால் அதன் புளிப்பும் குழையவிடாது. அந்தப் பக்கம் போகும்போது கழுவுவதற்கு மட்டும் போர் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஊறவும் வேகவும் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். தக்காளியை விட்டுவிட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். கேன் தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். கூடினால் சோப்புச் சுவை வந்துவிடும்.

அளவு: 200 மில்லி டம்ளரில் ஒன்றரை அரிசி, அரை துவரம்பருப்பு, ஆறு டம்ளர் தண்ணீர். இரண்டு பேருக்கு வயிறு நிறையும், குக்கரும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. பருப்பை அரை மணி, அரிசியைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். இரண்டு கரண்டி கடலை எண்ணெயில் கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, முழுசாகப் பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு ஆறு பல், கால் ஸ்பூன் மஞ்சள் தூள் என்று வரிசையாக வதக்குங்கள். தண்ணீர் ஊற்றியதும் கரண்டியால் அடியை நன்றாகச் சுரண்டிவிடுங்கள். ஒட்டிய வெங்காயம்தான் முதலில் கருகும். நடுத்தரத் தீயில் மூன்று விசில், அணைத்துவிட்டுப் பத்து நிமிடம். அவசரத்தில் வெயிட்டைத் தூக்கினால் அந்தப் பத்து நிமிடத்தில் வேகவேண்டியது வேகாமல் நின்றுவிடும்.

அடி பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பம்ப் ஸ்டவ்வின் தீ நடுவில் மட்டும் குவிந்து அடிக்கிறது. குக்கருக்கு அடியில் ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லைக் கவிழ்த்து வையுங்கள், சூடு பரவிவிடும்.

கேள்வி: கேஸ் டேங்கர் ஓட்டறனுங்க, மங்களூர்ல லோடு ஏத்தறது. வண்டிகிட்ட அடுப்பே பத்த வெக்க முடியாது. இன்வெர்ட்டர் போட்டு எலக்ட்ரிக் குக்கர் வெச்சுக்கலாமுங்களா?
– நாமக்கல்

பதில்: கூடாது. கேஸ் டேங்கரில் நாமாகப் போடும் ஒயரிங் ஒவ்வொன்றும் ஒரு பொறி கிளம்பும் இடம். டேங்கர் பார்க்கிங்கில் சமையலுக்கென்று தள்ளி ஒதுக்கிய இடம் இருந்தால் அங்கே மட்டும் அடுப்பு.

தீ இல்லாமலே சமைக்க ஒரு வழி உண்டு. வாய் அகன்ற ஒரு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க் வாங்குங்கள். டீக்கடையில் கொதிக்கும் தண்ணீர் வாங்கி, பாதியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிடுங்கள். ஃபிளாஸ்க் குளிர்ந்திருந்தால் உள்ளே போகும் சூட்டை அதுவே தின்றுவிடும். பிறகு அரை டம்ளர் பச்சரிசி நொய், வறுத்த பாசிப்பருப்பு இரண்டு ஸ்பூன், சீரகம், உப்பு போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றி மூடி, ஒரு குலுக்குக் குலுக்கி, இரண்டு மணி நேரம் விடுங்கள். நல்ல கஞ்சி தயார். பாதி ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும், நொய் நறுக்கென்று நிற்கும். டீக்கடை பாய்லரின் வெதுவெதுப்பான தண்ணீரும் உதவாது. கொள்ளு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை இதில் வேகாது, முயலவேண்டாம். அவலுக்கு வெறும் தண்ணீரே போதும். கெட்டி அவலை இருபது நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ஒரு வேளைக்கு ஆயிற்று.

மற்ற லாரிக்காரர்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். வண்டியில் இருப்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்த 24 வோல்ட். 12 வோல்ட் குக்கரை ஒரு பேட்டரியில் மட்டும் மாட்டினால் அது இறங்கிப்போகும், மற்றது அளவுக்கு மீறி ஏறும், சீக்கிரமே இரண்டும் போய்விடும். 24 வோல்ட் குக்கர்தான் வாங்கவேண்டும், இன்ஜின் ஓடும்போதுதான் போடவேண்டும்.

கேள்வி: போர் வண்டியில சமையல் நம்முளுது. ஒடிசாவுல வேலை, பத்து ஆளு. காலையில ஒரே தடவையா வடிச்சு ராத்திரிக்கும் வெச்சேன். சூடு பண்ணித்தான் போட்டேன், ஆனா ரெண்டு மணி நேரத்துல நாலு பேரு வாந்தி. சோறு கெட்ட வாசமே வரலீங்க.
– திருச்செங்கோடு

பதில்: வாசம் வராது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் அழியாது. நாலு பேரை வாந்தி எடுக்கவைத்ததும் அதுவாகத்தான் இருக்கும். பெரிய குண்டாவில் அழுத்தி மூடிய சோறு நடுவில் மணிக்கணக்கில் ஆறாது, அந்தக் கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

காலை வடித்த சோற்றை மதியத்தோடு முடித்துவிடுங்கள். ரிக்கில் உழைக்கும் ஆளுக்கு ஒரு வேளைக்கு 200 கிராம் அரிசி கணக்கு. மிச்சம் விழாமல் அளந்து போடுவதே பாதி வேலை. ராத்திரிக்கு இன்னொரு தடவை சோறு வடிக்க அலுப்பாக இருந்தால் ராகிக் களி கிளறுங்கள். ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். ஒரு கைப்பிடி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொதியில் ஊற்றி, அது கஞ்சியானபின் மீதி மாவைக் கொட்டினால் கட்டி தட்டாது.

பழைய சோற்றுக்கு விதி வேறு. சோறு ஆறியவுடன், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை இரண்டு விரல்கடை மேலே நிற்கும்படி ஊற்றவேண்டும். வெயில் காலத்தில் எட்டு, பத்து மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடவேண்டும். புளிப்பு வாசம் சரி. நூல் விட்டால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: முட்டையை வேகவெச்சு எடுத்துட்டுப் போனா எத்தனை நாள் தாங்கும்?
– ராசிபுரம்

பதில்: கேபின் சூட்டில் அன்று ஒரு பொழுதுதான். பச்சை முட்டைதான் நாள்பட நிற்கும், ஓட்டின் மேலுள்ள பூச்சு அதைக் காக்கிறது. அதனால் கழுவாமல், உமிக்குள் கூர்முனை கீழாக வைத்து, சமைக்கும்போது கழுவுங்கள். தண்ணீரில் போட்டால் மிதப்பதை எறிந்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் அஸ்ஸாம் போனா வர மூணு வாரமாகுமுங்க. சக்கரை இருக்குது, மாத்திரை சாப்பிடறார். என்ன பொடி பண்ணிக் குடுக்கலாம்?
– பெருந்துறை

பதில்: கொள்ளுப்பொடி. 200 கிராம் கொள்ளைச் சிவக்க, வெடிக்கும்வரை வெறும் சட்டியில் வறுங்கள். 50 கிராம் துவரம்பருப்பு, எட்டு வரமிளகாய், ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம் இவற்றையும் வறுத்து, உப்பு சேருங்கள். பூண்டு போடுவதானால் சுருண்டு ஈரம் போகும்வரை வறுக்கவேண்டும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது. தேங்காய் வேண்டாம், சிக்கு வாடை அடித்துவிடும். முழுக்க ஆறியபின் அரைத்து, ஒரே டப்பாவில் அடைக்காமல் வாரத்துக்கு ஒன்றாக மூன்று சின்னப் பாட்டில்களில் போடுங்கள். ஈரக் கரண்டி பட்டாலும் ஒரு வாரப் பொடிதான் போகும்.

பொடியைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டு, "அடுத்த தாபாவில் பார்த்துக்கலாம்" என்று சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை திடீரென இறங்கும். வியர்வை, கை நடுக்கம், கண் மங்கல், கையில் ஸ்டியரிங். அவருடைய மாத்திரை அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். எதுவானாலும் சட்டைப்பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். அறிகுறி தெரிந்தவுடன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதைச் சாப்பிடவேண்டும்.

கேள்வி: சீமெண்ணெய் கிடைக்கறதில்ல. பம்ப் ஸ்டவ்வுக்கு டீசல் ஊத்தினா மஞ்சளாப் பொகைஞ்சு எரியுது. கேஸுக்கு மாறிக்கறதா?
– கரூர்

பதில்: மாறிவிடுங்கள். டீசல் ஆவியாக மண்ணெண்ணெயைவிட அதிகச் சூடு வேண்டும். அது கிடைக்காமல்தான் மஞ்சள் தீயும் புகையும். கரி படிந்து நிப்பிளும் அடைக்கும். இந்தியன் ஆயிலின் 5 கிலோ ‘சோட்டு’ மாதிரியான சிலிண்டர் நாளைக்கு ஒரு மணி நேரம் எரித்தால் மூன்று வாரம் தாராளமாக வரும். தெருவோரத்தில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் உருளைகளைத் தொடாதீர்கள்.

சிலிண்டரைக் கேபினில் வைக்கக்கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். வெளியே டூல் பாக்ஸின் அடித்தகட்டில் ஓட்டை போட்டு, அதற்குள் சிலிண்டரை நிமிர்த்தி, பெல்ட் கட்டி வையுங்கள். படுக்கவைத்தால் திரவமே அடுப்புக்கு வந்துவிடும். டெல்லிக் குளிரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேபினுக்குள் அடுப்பு பற்றவைப்பதும் வேண்டாம். அதில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார். ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முன்னால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குக்கர் கேஸ்கட் ஒன்று உபரியாகக் கொண்டுபோங்கள். உங்கள் குக்கரின் அளவுக்குப் பொருந்துவது வழியில் கிடைக்கும் என்று நம்பமுடியாது.