உட்கார்ந்து பார்க்கிற வேலை

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பவர் டேபிள் டைலர். தினமும் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்கு நின்றால் ராத்திரி எட்டரை வரை நின்றபடிதான். 19 வருடமாயிற்று, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. நான் நின்றதெல்லாம் என் மகன் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்றுதான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் டூவில் 600க்கு 447 வாங்கியிருக்கிறான். கணக்கு குரூப். இப்போது, "இன்ஜினியரிங் வேண்டாம்மா, ஐடிஐயில் ஃபிட்டர் சேர்றேன்" என்கிறான். சின்ன வயதிலிருந்தே மோட்டார், மிக்ஸி என்று எதையாவது கழற்றிக்கொண்டிருப்பான்தான். வீட்டு ஓனரம்மா இதைக் கேட்டுவிட்டு, "உங்க பையனுக்கு அதுதான் சரிப்படும்" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த ஓனரம்மா சொன்னதைப் படித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. அதனால் அதை முதலில் பேசிவிடுகிறேன்.

"உங்க பையனுக்கு அதுதான் சரிப்படும்" என்பது நம் ஊரில் பழைய பேச்சு. 1953இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் அப்பாவின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. வண்ணார் மகன் வெளுக்கவும் குயவர் மகன் பானை வனையவும்தானா என்று ஊரே கொதித்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். பெரியார் முன்னால் நின்றார். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. திட்டம் போய் 70 வருடம் தாண்டிவிட்டது. இன்றும் 447 மார்க் வாங்கிய ஒரு டாக்டர் மகனிடம் "உனக்கு ஃபிட்டர் வேலைதான் சரிப்படும்" என்று யாரும் சொல்வதில்லை. டைலர் மகனிடம்தான் சொல்கிறார்கள். உங்களுக்குச் சோறு இறங்காமல் போனதில் தப்பே இல்லை.

ஆனால் உங்கள் மகன் சொல்வதும் ஓனரம்மா சொல்வதும் ஒன்றல்ல. அவர் உங்கள் குடும்பத்தைப் பார்த்து ஒரு கோடு கிழிக்கிறார். உங்கள் மகன், எனக்குத் தெரிந்தவரை, மோட்டாரைப் பார்த்துப் பேசுகிறான். அவர் மேலுள்ள கோபத்தில் இவனை இன்ஜினியரிங்கில் தள்ளிவிடாதீர்கள்.

எங்கள் அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டினார். தறிச் சத்தத்தில் நாற்பது வயதுக்குள் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் நாங்கள் கத்தித்தான் பேசுவோம். "இந்தச் சத்தம் உனக்கு வேண்டாம் சாமி" என்பார். நான் அதை "இந்தத் தொழில் வேண்டாம்" என்றே பல வருடம் புரிந்துகொண்டிருந்தேன். அவர் அப்படிச் சொன்னதில்லை. தறியில் ஒரு இழை அறுந்தால், காது கேட்காமலே, கண்ணாலும் கையாலும் கண்டுபிடித்துவிடுவார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அவர் எனக்கு வேண்டாம் என்றது சத்தத்தையும், வாங்கிய முன்பணம் தீராமல் அதே முதலாளியிடம் கிடந்ததையும்தான்.

உங்கள் ஆசையையும் இப்படிக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மகன் கையால் வேலை செய்யக் கூடாது என்பதா? இல்லை, 12 மணி நேரம் நின்று நரம்பு சுருளக் கூடாது என்பதா? கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில், இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். உட்காருவதற்கு டிகிரி வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நின்றபடி வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். துணிக்கடை, நகைக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றதைப் பார்த்து, கடைகளிலும் இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தம் வந்தது. ஒரு ஸ்டூல் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய உரிமை. அது கிடைக்காததால்தான், மகனாவது படித்து நாற்காலி வாங்கட்டும் என்று 19 வருடம் நின்றீர்கள். இதில் குற்றம் உங்கள் படிப்பிலும் இல்லை, செய்த வேலையிலும் இல்லை.

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அப்பா பக்கத்தில் இல்லாதபோது, தனியாக. "காசுக்கு யோசித்து இந்த முடிவு எடுத்தியா கண்ணு?"

சுருண்ட நரம்பை தினமும் பார்க்கிற பிள்ளை, சீக்கிரம் சம்பாதித்து அம்மாவை உட்கார வைக்க வேண்டும் என்றுதான் நினைப்பான். அப்படியானால் அது அவனுடைய விருப்பமே அல்ல. உங்களுக்காகச் செய்கிற தியாகம். அதை ஏற்காதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கைச்செலவுக்கு வரும். இதை அவனுக்கு எதிரில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவன் ஃபிட்டர் என்றால், உண்மையாகவே அதுதான் வேண்டும் என்று அர்த்தம்.

அப்போது மனதாரச் சேர்த்துவிடுங்கள். அரசு ஐடிஐயாகப் பாருங்கள். கல்விக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் உண்டு. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தரம் உயர்த்தியிருக்கிறார்கள். ரோபோ, கம்ப்யூட்டரால் இயங்கும் சிஎன்சி இயந்திரமெல்லாம் அங்கே வந்திருக்கிறது. ஃபிட்டர் படிப்பு இரண்டு வருடம். முடித்த பிறகு படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருடம். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் வழி அடைபடவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஐடிஐ முடித்த பையன்களைப் பெரிய கம்பெனிகள் பயிற்சி, கான்ட்ராக்ட் என்று வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு, நிரந்தரம் செய்யாமல் அனுப்பிவிடுவதும் நடக்கிறது. எங்கே போனாலும் பி.எஃப். உண்டா, இ.எஸ்.ஐ. உண்டா, ஓவர்டைம் சம்பளம் எப்படி என்று கேட்கப் பழக்கிவிடுங்கள். இன்ஜினியர் ஆனாலும் இதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். அப்புறம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு அவனோடு ஐடிஐக்குப் போங்கள். ஒரு நாள் கூலி போகும், போகட்டும். உள்ளே ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள், போன வருடம் முடித்த பையன்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று அங்கிருக்கும் சாரிடம் நீங்களே கேளுங்கள். மகன் அந்த மெஷின்களை எப்படிப் பார்க்கிறான் என்பதையும் கவனியுங்கள். காசைப் பற்றிக் கேட்டதற்கு என்ன பதில் சொன்னான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

காலுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மகன் சேர்க்கை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள்.