அம்மம்மாவின் குரல் ஏன் கீச்சிடுகிறது?

கேள்வி: கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். 1990களில் அம்மம்மா பாடிய தாலாட்டு ஒரு கசெற்றில் இருக்கிறது. பழைய ஸ்டீரியோ டெக் ஒன்று வாங்கிப் போட்டால், குரல் சின்னப்பிள்ளையினது போலக் கீச்சென்று, மங்கலாகவும் கேட்கிறது. டெக் பழுதா?

பதில்: அதை இன்னொரு முறை போடுமுன், கசெற்றின் முதுகு விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு கை தவறி ரெக்கோட் பட்டனை அமத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே வேண்டாம்.

கடையில் வாங்கிய பாட்டுக் கசெற் ஒன்றைப் போட்டு, அதே பாட்டைப் போனிலும் கேளுங்கள். சுருதி ஒத்துவந்தால் டெக் சரி. கோளாறு பதிந்த ரெக்கோடரில். அந்தக் காலம் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். இறங்கிய பற்றரியில் ஓடிய ரெக்கோடரில் நாடா மெதுவாகவே நகர்ந்திருக்கும். செக்கனுக்கு 4.76 செ.மீ. என்பது கணக்கு. 4.5இல் பதிந்ததை உங்கள் டெக் 4.76இல் ஓட்டும்போது குரல் ஏறக்குறைய ஒரு அரைச்சுரம் ஏறிவிடும். டெக்கில் வேகத்தை மாற்றும் பிட்ச் குமிழ் இருந்தால் குறைத்துப் பாருங்கள். டைனமோவில் பதிந்ததென்றால் கை ஓய்ந்த இடமெல்லாம் வேகம் மாறியிருக்கும். அதைக் கணினியில் துண்டு துண்டாகத்தான் திருத்தலாம்.

மங்கலுக்கு முதல் சந்தேகம் டோல்பி என்ற இரைச்சல் குறைக்கும் வசதி. சாதாரண கைரெக்கோடர்களில் அது இருக்கவில்லை. உங்கள் டெக்கில் அந்தச் சுவிட்சைப் போட்டிருந்தால் மேல்சுரங்களை அமுக்கிவிடும். அதை நிறுத்திவிடுங்கள். நாடா வகைச் சுவிட்ச் 'நோமல்' பக்கம் இருக்கட்டும். ஐசோபுரொப்பைல் அற்ககோல் நனைத்த பஞ்சுக் குச்சியால், நாடா உரசிச் செல்லும் ஹெட்டைத் துடையுங்கள்.

அப்படியும் தெளியாவிட்டால் அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணம். பதிந்த ரெக்கோடரின் ஹெட் சற்றுச் சரிந்திருந்தால், உங்கள் ஹெட்டும் அதே சரிவில் நின்றால்தான் 'ச', 'ஸ' ஒலிகள் துலங்கும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் உள்ள திருகாணி அதற்குரியது. பழைய நிலையை அடையாளமிட்டு, கசெற் ஓட ஓட மிகச் சிறிதாகத் திருப்புங்கள். காதுதான் அளவுகோல். வேலை முடிந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். நான் பார்த்த வீட்டுக் கசெற்றுகளில் பலவற்றுக்கு உயிர் கொடுத்தது இந்தத் திருகாணிதான்.

குரல் தெளிந்த அந்த ஓட்டத்திலேயே லைன் அவுட்டில் இருந்து கணினிக்கு 24 பிட் வேவ் கோப்பாக எடுத்துவிடுங்கள். அந்த முதல் பிரதியில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பாவிக்காதீர்கள். ஏணைக் கயிறு உரசும் சத்தம் அதில் இருந்தால், அதுவும் சேர்ந்து போய்விடும்.