மூக்கைப் பார்த்து வரலாறு எழுத முடியாது

கேள்வி: மெக்சிகோவில் கிடைத்த ஒல்மெக் ராட்சதத் தலைகளைப் பார்த்தாலே தெரிகிறது, தட்டை மூக்கு, தடித்த உதடு, அப்பட்டமான ஆப்பிரிக்க முகம். இரும்பும் இல்லாமல், பாரம் இழுக்க மாடும் இல்லாமல், காட்டுவாசிகள் 25 டன் பாறையைக் கொண்டுவந்து செதுக்கினார்கள் என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது? யூடியூபில் ஆதாரத்தோடு காட்டுகிறார்கள். உங்களைப் போன்ற பத்திரிகைகள் மட்டும் ஏன் மறைக்கின்றன?

பதில்: மறைப்பதற்கு இதில் ரகசியம் எதுவும் இல்லை. நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது 1869-லேயே அச்சான சங்கதி. வெராக்ரூஸ் மாநிலத்தில் ட்ரெஸ் சபோடெஸ் பக்கம் ஒரு பண்ணை நிலத்தில், கவிழ்த்துப் புதைத்த பெரிய கொப்பரை என்று நினைத்துத் தோண்டியபோது ஒரு கல் தலை வெளிப்பட்டது. அதைக் கேள்விப்பட்டு 1862-இல் நேரில் போய்ப் பார்த்த ஹோசே மரியா மெல்கார் என்பவர், இது எத்தியோப்பிய முகம், ஆகவே பழங்காலத்தில் ஆப்பிரிக்கர்கள் இங்கே வந்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். அவர் பார்த்தது ஒரே ஒரு தலை. ஒல்மெக் என்று ஒரு நாகரிகம் இருந்ததே அப்போது யாருக்கும் தெரியாது. அவரை மன்னித்துவிடலாம். உங்கள் யூடியூபருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏனென்றால் இன்று நம் கையில் 17 தலைகள் இருக்கின்றன. ஒல்மெக் ஊர்களான சான் லோரென்சோவில் 10, லா வென்டாவில் 4, ட்ரெஸ் சபோடெஸில் 2, லா கோபாடாவில் 1. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் தலைக்கவசம் வேறு, கன்னம் வேறு, ஒருவர் முறைக்கிறார், இன்னொருவர் கிட்டத்தட்ட சிரிக்கிறார். ஆட்சி செய்தவர்களின் முகங்கள் இவை என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். அந்த மூக்கையும் உதட்டையும் பார்க்க ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை, வெராக்ரூஸ், டபாஸ்கோ கிராமத்துச் சந்தைக்குப் போனால் போதும்.

சரி, முகத்தை விடுங்கள், காலக்கணக்குக்கு வாருங்கள். இந்த ஆப்பிரிக்கக் கதையை 1976-இல் மறுபடி பிரபலமாக்கிய எழுத்தாளர் இவான் வான் செர்டிமா, எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவின் மன்னர்கள் எகிப்தை ஆண்ட காலத்தில் கப்பல்கள் வந்தன என்றார். அது கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டு. அகழாய்வாளர்கள் மைக்கேல் கோவும் ரிச்சர்ட் டீலும் 1960-களில் சான் லோரென்சோவில் அடுக்கடுக்காகத் தோண்டிக் கரிமக் காலக்கணிப்பு செய்ததில், அந்த ஊர் கொடிகட்டிப் பறந்த காலம் சுமார் கி.மு. 1200 முதல் 900 வரை என்று வந்தது. அதாவது, செதுக்கியதாகச் சொல்லப்படுபவர்கள் கப்பல் ஏறும் முன்பே அந்த ஊரின் தலைகள் செதுக்கி முடிந்து மண்ணுக்குள் போய்விட்டன! ஒல்மெக் ஊர்களில் முறையாக நடந்த எந்த அகழாய்விலும் ஆப்பிரிக்கப் பானை ஓடு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அந்தப் பகுதியின் ஈரமும் அமில மண்ணும் எலும்பைத் தின்றுவிடும். தப்பிய எலும்புகளில் இரண்டு பேருடைய தாய்வழி டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தபோது இரண்டுமே அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் பரவலாக உள்ள ஏ வகை.

காட்டுவாசிகள் என்கிறீர்கள். சான் லோரென்சோ ஊர் நிற்கும் மேட்டையே கூடை கூடையாக மண் கொட்டி உயர்த்தி விரித்தவர்கள் அவர்கள். பசால்ட் என்ற எரிமலைக் கல்லைத் தொட்டி போலக் குடைந்து, வரிசையாகப் பொருத்தி, மேலே கல் மூடி போட்டு, சுமார் 170 மீட்டருக்கு நிலத்தடி வாய்க்கால் அமைத்தார்கள். அந்தக் கல் அங்கே கிடையாது. 60 கிலோமீட்டருக்கு அப்பால் டுஷ்ட்லா எரிமலைத் தொடரிலிருந்து வர வேண்டும். தலைகளுக்கான பாறையும் அங்கிருந்துதான். லா வென்டாவில் இன்னும் வேடிக்கை: சுமார் ஆயிரம் டன் செர்பென்டைன் என்ற பச்சைக் கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து, ஆழமான குழியில் அழகாக அடுக்கி, யாரும் பார்க்க முடியாதபடி மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். இப்படி ஆள் திரட்டத் தெரிந்தவர்களுக்கு 25 டன் ஒரு தலைவலியாக இருந்திருக்கலாம், அதிசயமாக இருந்திருக்காது. தெப்பமா, சறுக்குமரமா, இரண்டுமா என்பதில் இன்னும் வாக்குவாதம் உண்டு. செதுக்கியதில் மர்மம் குறைவு. கடினமான கல்லால் கொத்திக் கொத்தி உருவம் எடுத்து, மணல் போட்டுத் தேய்த்தார்கள். இரும்பு இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

இந்த ஆளை மாற்றும் விளையாட்டில் ஆப்பிரிக்கா மட்டுமில்லை. லா வென்டாவின் 3-ஆம் நடுகல்லில் தாடியும் கூர்மூக்குமாக ஒருவர் இருக்கிறார், அவரைக் காட்டி மத்தியதரைக்கடல்காரர் என்றார்கள். 1955-இல் அதே ஊரில் கிடைத்த 16 சிறு உருவங்களையும் அவற்றின் பின்னால் நிறுத்தியிருந்த 6 கல் கோடாரிகளையும் காட்டி, சீனாவின் பழைய ஷாங் அரச மரபு ஆட்கள் வந்தார்கள் என்றார் இன்னொருவர். மூன்று கண்டத்துக்காரர்களும் வந்து வேலை செய்துகொண்டிருக்க, ஊர்க்காரர்கள் என்ன, வேடிக்கையா பார்த்துக்கொண்டிருந்தார்கள்? (மாயா மக்கள் தமிழர்களே என்று மாதாமாதம் எழுதும் அன்பர்களும் இதையே தங்களுக்கான பதிலாக எடுத்துக்கொள்ளலாம், தனியாக எழுத இடமில்லை.)

அப்புறம், நிஜமாகவே விடை தெரியாத சமாசாரம் வேண்டுமென்றால் தலைகளின் பக்கவாட்டைப் பாருங்கள். சான் லோரென்சோவின் 2-ஆம், 7-ஆம் தலைகளில் ஒரு பக்கம் பழைய மாடக்குழி ஒன்றின் மிச்சம் தெரிகிறது. லா வென்டாவில் 4-ஆம் ‘பலிபீடம்’ என்று பெயர் வைத்த பெரிய கல் ஒன்று உண்டு, அதில் மாடத்துக்குள் உட்கார்ந்த ஆள் கையில் கயிறு பிடித்திருப்பார், அந்த மாடம் மாதிரி. இப்படிப்பட்ட கற்கள் பலிபீடங்களே அல்ல, அரியணைகள் என்று இப்போது ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அந்த அரியணைகளைத் திருப்பிப் போட்டுத்தான் தலைகளைச் செதுக்கினார்கள் என்று 1989-இல் ஜேம்ஸ் போர்ட்டர் என்ற ஆய்வாளர் வாதிட்டார். சிலைகள் உடைந்திருப்பதைப் பார்த்து, மக்கள் கிளர்ந்தெழுந்து நொறுக்கினார்கள் என்று அதற்கு முன் மைக்கேல் கோ சொல்லியிருந்தார். இல்லை, அரசன் செத்ததும் சடங்காக உடைத்தார்கள் என்றார் இன்னொரு ஆய்வாளர் டேவிட் குரோவ். போர்ட்டர் சொல்வது சரியென்றால், உடைப்பு என்று நாம் நினைத்ததில் ஒரு பகுதி பாதியில் நின்ற மறுசெதுக்கல். ஒருவன் உட்கார்ந்து ஆண்ட கல்லே அவன் முகமாக மாறியதா, அல்லது பின்னால் வந்தவன் பழைய அரியணையை எடுத்துத் தன் முகத்தைச் செதுக்கிக்கொண்டானா? மாடக்குழி தெளிவாகத் தெரியாத மற்றத் தலைகளும் அரியணைகளாக இருந்தவையா? ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற இடம் இது. இதைப் பற்றி உங்கள் யூடியூபர் ஏதாவது போட்டால் இணைப்பை அனுப்புங்கள், உட்கார்ந்து முழுசாகப் பார்க்கிறேன்.